ஓயாத சந்தேகமும் ஒரு வியாதியே

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் அரசாங்க மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நேற்றிலிருந்து இந்த முகாமில் நீங்கள் வரவு செலவுக் கணக்கு, சாலை, தெரு விளக்கு, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு வருகிறீர்கள். இன்று காலை சுகாதாரத்தைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தார்கள். டெங்குக் காய்ச்சல், சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். ஆகையால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எவரும் பேசாத ஒரு வியாதியைப் பற்றிச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். பேசுவதில்லையே தவிர, அந்த வியாதி உங்கள் பஞ்சாயத்துக்கு வராமல் இல்லை. வேறு பெயரில் வந்து போயிருக்கிறது.

எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். நான் அறிந்த ஓர் ஊரில் அது குடிநீர்ப் புகாராக வந்தது. அந்தத் தெருவில் காலையில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். வீட்டுக்கு ஐந்து அல்லது ஆறு குடம் என்பது வழக்கம். ஒரே ஒரு வீட்டுப் பெண்மணி மட்டும் பதினைந்து குடம் பிடிப்பார். கேட்டால் பதில் சொல்லமாட்டார். அழுவார், அல்லது சண்டைக்கு வருவார். தெருவார் பதினொரு பேர் கையெழுத்திட்டுப் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தார்கள். அபராதம் போட வேண்டும் என்றார் ஓர் அங்கத்தினர். அந்த வீட்டாரைக் குழாய்ப் பக்கமே விடக் கூடாது என்றார் இன்னொருவர். அந்த வார்டின் பெண் அங்கத்தினர் ஒருவர்தாம், “தண்ணீரை என்ன செய்கிறாள் என்று முதலில் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி எழுந்து போனார். அவர் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் அன்று அந்தச் சபையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே.

போனவர் கண்டது என்ன? அந்தப் பெண்மணியின் இரண்டு உள்ளங்கைகளும் வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தன. அரிசியைப் பன்னிரண்டு தடவை கழுவுகிறார். துவைத்து உலர்ந்த பள்ளிச் சீருடையை மறுபடியும் நனைக்கிறார். புருஷன் வயலிலிருந்து வந்தால் கொல்லையிலேயே மூன்று முறை குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். நான்கு வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று, பூச்சிமருந்து கலக்கிய வாளியிலிருந்த தண்ணீரைக் குடித்துச் செத்துப்போனது. அதைக் கண்ணால் கண்ட நாளிலிருந்து, “என் கையில் விஷம் ஒட்டியிருக்கிறதோ? அது சோற்றில் இறங்கிக் குழந்தைகள் செத்துப்போவார்களோ?” என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த எண்ணம் பொய்யென்று அவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. இராத்திரியில் புருஷனைத் தட்டி எழுப்பி, “ஒன்றும் ஒட்டியிருக்காது அல்லவா?” என்று கேட்பாராம். “ஒட்டியிருக்காது” என்று அவர் சொல்ல வேண்டும். ஓர் இரவில் முப்பது தடவை, நாற்பது தடவை!

இந்த வியாதிக்குத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக ஓ.சி.டி. என்று சொல்வது வழக்கம். இதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும் எண்ணம். மற்றொன்று, அந்தப் பயத்தைத் தணிப்பதற்காகச் செய்தே தீரவேண்டியிருக்கும் காரியம். காரியத்தைச் செய்தவுடன் கொஞ்சம் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் தூண்டில் இரை. அடுத்த தடவை எண்ணம் வரும்போது மனம் முன்னிலும் அவசரமாக அதே காரியத்தை நாடுகிறது. செக்கு மாடு நாள் முழுதும் நடந்தும் ஊர் போய்ச் சேராதது போல, இவர்கள் கழுவிக்கொண்டே இருந்தும் சுத்தத்தைப் போய்ச் சேர்வதில்லை.

கழுவுவது ஒன்றே இந்த நோய் என்று எண்ணிவிடக் கூடாது. மோட்டாரை நிறுத்தினோமா என்ற சந்தேகத்தில் இரவில் மூன்று தடவை எழுந்து ஒரு மைல் நடந்து பம்பு செட்டுக்குப் போய்வந்த விவசாயி ஒருவரை எனக்குத் தெரியும். மின்சாரம் பாய்ந்து எவனாவது செத்தால் அந்தப் பாவம் தம்மைச் சேருமே என்பது அவருடைய பயம். அவருடைய மகன் ஒரு யோசனை சொன்னான்: ஸ்டார்ட்டரை நிறுத்தியவுடன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு வாரம் சரியாக நடந்தது. பிறகு, இந்தப் படம் இன்றைக்கு எடுத்ததுதானா, நேற்றைக்கு எடுத்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது! மறுபடியும் நடை. சந்தேகத்துக்குச் சாட்சி காட்டித் தீர்த்துவிடலாம் என்பவர்களுக்கு இந்த விவசாயியின் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

இன்னும் சிலர் பணத்தை எண்ணி முடிக்க மாட்டார்கள். சில மாணவர்கள் ஒரே வரியை இருபது முறை வாசித்துவிட்டு, பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோயிலில் நின்று கும்பிடும்போது தெய்வத்தைப் பற்றித் தகாத சொற்கள் மனத்தில் எழுகின்றனவே என்று நடுங்கி, பரிகாரமாக நூற்றெட்டு முறை ஜபிப்பவர்கள் உண்டு. வெளியில் பார்ப்பவருக்கு அது பக்தியாகவே தெரியும். மிகவும் கொடிய துன்பத்தை அனுபவிப்பவர்கள் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரில் சிலர். அரிவாள்மணையைக் கண்டவுடன், “இதனால் குழந்தையை வெட்டிவிடுவேனோ” என்ற எண்ணம் தோன்றுகிறது. அந்த எண்ணத்தைக் கண்டு அவர்களே நடுங்குகிறார்கள். கத்தியை ஒளித்து வைக்கிறார்கள், குழந்தையைத் தொடுவதற்கே அஞ்சுகிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயாளி தம் எண்ணத்தை வெறுக்கிறார், அதை எதிர்த்துப் போராடுகிறார். அப்படிப்பட்டவர் எண்ணியபடி செய்துவிடுவதில்லை. அதற்கு மாறாக, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஒரு பெண் உறங்காமல் பிதற்றினாலோ, யாரோ கட்டளையிடும் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளைச் சொன்னாலோ, அது வேறு வியாதி. அதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தாயையும் சேயையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எது எந்த வியாதி என்று வீட்டாரே தீர்மானிக்க முயல வேண்டாம். அது வைத்தியரின் வேலை.

சுத்தமாக இருப்பதும், ஆசாரமாக இருப்பதும், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதும் வியாதியா என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அல்லவே அல்ல. பூச்சிமருந்து தெளித்தவர் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பைத் தனியே துவைக்கத்தான் வேண்டும். 2020-இல் கொரோனா பரவியபோது 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று ஊரெங்கும் சொன்னோம். அந்த 20 விநாடிக்கு ஒரு முடிவு இருக்கிறது. வியாதிக்காரர் கழுவும் கழுவலுக்கு முடிவு கிடையாது. எண்ணமும் காரியமும் சேர்ந்து நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடுமானால், அல்லது வேலையும் உறக்கமும் குடும்பமும் அதனால் கெடுமானால், அதை வியாதி என்று கருதலாம். வைத்தியர்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் அளவுகோல் இதுவே.

விபரீத எண்ணம் எழுவதே ஒரு குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 1978-இல் ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரு உளவியல் அறிஞர்கள் லண்டனில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இவர்களில் டி சில்வா நம் பக்கத்து நாடாகிய இலங்கையைச் சேர்ந்தவர். எந்த வியாதியும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், “உங்களுக்கு விரும்பாத, தகாத எண்ணங்கள் வருவதுண்டா?” என்று கேட்டார்கள். சுமார் நூற்றுக்கு எண்பது பேர் ஆம் என்றார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது குதித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றாதவர் இந்தப் பந்தலில் எத்தனை பேர் இருப்பீர்கள்? தோன்றும், மறுகணம் போய்விடும். நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. நோயாளியோ, “நான் நல்லவனாக இருந்தால் இப்படித் தோன்றுமா?” என்று அதை நிறுத்தி விசாரணை செய்கிறார். விசாரிக்க விசாரிக்க அது வேர் விடுகிறது.

இந்த நோய் செய்வினையால் வருவதன்று. பாவத்தின் சம்பளமும் அன்று. மூளையில் எச்சரிக்கை கொடுப்பதற்கும், காரியம் முடிந்தது என்று திருப்தி கொடுப்பதற்கும் உரிய சில பாகங்கள் உண்டு. மடையை அடைத்த பிறகும் தண்ணீர் கசிந்துகொண்டே இருப்பதுபோல, அந்தப் பாகங்களிடையே எச்சரிக்கை அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் காணப்படுகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இருபது வயதை ஒட்டியோ தொடங்குகிறது. ஆணென்றும் பெண்ணென்றும், படித்தவரென்றும் படியாதவரென்றும் பார்ப்பதில்லை. வாழ்நாளில் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. இரண்டாயிரம் பெரியவர்கள் உள்ள பஞ்சாயத்தில் இருபது பேராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? வெட்கத்தினால் பல வருஷங்கள் மறைத்து வைத்த பிறகே வைத்தியரிடம் வருகிறார்கள். கை வெடித்துத் தோல் வைத்தியரிடம் போனவர்களை அவர் எங்களிடம் அனுப்புவதும் உண்டு.

சிகிச்சை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் விக்டர் மேயர் என்ற உளவியலறிஞர், ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குப் புதுவிதச் சிகிச்சை அளித்தார். அஞ்சிய பொருளைத் தொடச் செய்தார். பிறகு கழுவவிடாமல் நர்சுகள் கூடவே இருந்தார்கள். அறையில் இருந்த குழாய்களையே நிறுத்திவிட்டார்கள். பயம் ஏறியது, ஆனால் ஏறிய பயம் கழுவாமலேயே தானாக இறங்கியது. இன்றைக்கும் இந்த நோய்க்கு முதன்மையான சிகிச்சை அதன் வழியில் வந்ததுதான். ஆனால் இப்போது பலவந்தம் செய்வதில்லை. நோயாளியின் சம்மதத்துடன், அவரே வகுத்த வரிசையில், சிறிது சிறிதாகச் செய்கிறோம். குழாய்ப் பக்கம் விடக் கூடாது என்ற அங்கத்தினரும் மேயர் செய்ததைத்தானே சொன்னார் என்று யாராவது கேட்கலாம். வைத்தியம் துணையிருந்து செய்வது. தண்டனை தனியே விட்டுச் செய்வது. அப்படி நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்மணி இருட்டில் பாசனக் கிணற்றுக்குப் போயிருப்பார்.

மருந்துகளும் உண்டு. குளோமிப்ரமின் என்ற மருந்து இந்நோய்க்குப் பயன்படுவது 1960-களின் பிற்பகுதியிலேயே தெரியவந்தது. இப்போது புளுவாக்ஸெடின், செர்ட்ரலின் முதலிய மாத்திரைகளை முதலில் கொடுக்கிறார்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பழக்கத்துக்கு அடிமைப்படுத்துபவையும் அல்ல. ஆனால் பொறுமை வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். பத்தாம் நாளில் குணம் காணவில்லை என்று மாத்திரையைக் குப்பையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர்! விதைத்த பத்தாம் நாள் அறுக்கப் போகும் விவசாயி இந்தச் சபையில் ஒருவரும் இல்லை. மருந்து விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இந்த அவசரம்? முதல் மருந்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் கணிசமான குணம் காண்கிறார்கள். மற்றவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். குணமான பிறகும் ஓராண்டோ இரண்டாண்டோ தொடர வேண்டும்; திடீரென்று நிறுத்தக் கூடாது. 1992-இல் அமெரிக்காவில் பாக்ஸ்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மருந்தினால் குணமடைந்தவர்களுக்கும் பயிற்சியினால் குணமடைந்தவர்களுக்கும் மூளையின் ஒரே பாகத்தில் ஒரே விதமான மாறுதல் தெரிந்தது. மருந்தில்லாமல் பயிற்சி செய்தால் அது வெறும் பேச்சு என்று எண்ணுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தப் பயிற்சி வீட்டில் எப்படி நடந்தது என்று அதே பெண்மணியைக் கொண்டு விளக்குகிறேன். அவர் அஞ்சும் பொருள்களை ஏணிப் படிகள் போல வரிசைப்படுத்தினோம். கீழ்ப்படி, முன்பு மருந்து டப்பா வைத்திருந்த கொட்டகையின் வெளிக்கதவு. அதைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கை கழுவாமல் இருக்க வேண்டும். முதல் நாள் அந்தப் பத்து நிமிஷமும் அவருக்கு நெருப்பின்மேல் நிற்பது போலிருந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம் இருக்க முடிந்தது. அடுத்த படியில் அரிசியைப் பத்துத் தடவையாகக் குறைத்தார். அதன் பிறகு எட்டு, ஐந்து, மூன்று. மேல்படி, டப்பா இருந்த வெறும் பலகையைத் தொட்டுவிட்டு, கழுவாமல் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுவது. அந்தப் படிக்கு வர ஏழு மாதங்கள் பிடித்தன. விஷத்தைத் தொடும்படி எவரையும் நாங்கள் சொல்வதில்லை; ஊரில் மற்றவர்கள் சாதாரணமாகத் தொடும் பொருளைத்தான் தொடச் சொல்கிறோம். எத்தனை தடவை கழுவுவது நியாயம் என்பதற்கும் அளவு அதுவே. பக்கத்து வீட்டார் மூன்று தடவை அரிசி கழுவினால், இவருக்கும் மூன்று.

எண்ணம் வரும்போது அதனோடு வாதாடவும் கூடாது, துரத்தவும் கூடாது. “இதோ வியாதி பேசுகிறது” என்று பெயரிட்டுவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் தொடர வேண்டும். உடனே முடியாவிட்டால் ஐந்து நிமிஷம் தள்ளிப்போடலாம், ஐந்து பத்தாகும். பம்பு செட்டு விவசாயி இப்படித்தான் மூன்று நடையை ஒன்றாக்கினார். மோட்டாரை நிறுத்தும்போது ஒரே தடவை நின்று நிதானமாகப் பார்ப்பார்; திரும்பி வந்த பிறகு, “எரிந்தாலும் எரியட்டும்” என்று படுத்துக்கொள்வார். சில இரவுகளில் தூக்கம் வரவில்லை. மோட்டார் ஒரு நாளும் எரியவில்லை. ஆனாலும் எரியாது என்று நான் அவருக்கு உறுதி சொல்லவில்லை, சொல்ல மறுத்தேன். நிச்சயம் இல்லாமல் வாழக் கற்பதுதான் அந்தப் பயிற்சியே. மழை பெய்யுமா என்று நிச்சயம் தெரியாமல் ஆடியில் விதைக்கும் மனிதருக்கு இதை விளங்க வைப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. நகரத்துக்காரர்களுக்கு விளக்கத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

இப்போது வீட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனது அனுபவத்தில் மிகவும் கடினமான பகுதி இதுதான். அந்தப் புருஷன் கெட்டவர் அல்லர். மனைவியிடம் உயிராக இருந்தவர். கொல்லையில் மூன்று தடவை குளித்தார், கேட்ட போதெல்லாம் “ஒட்டியிருக்காது” என்று சொன்னார், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். நான்கு வருஷங்களாக வியாதிக்குத் தீனி போட்டவர் அவரே. இதை நான் சொன்னபோது அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு “ஒட்டியிருக்காது” என்ற சொல்லும் ஒரு கை கழுவலுக்குச் சமானம். அதற்காக மறுநாளே, “இனிமேல் ஒன்றும் சொல்லமாட்டேன் போ” என்று கத்துவதும் தவறு. இருவரும் என் முன்னால் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவர் கேட்டால் புருஷன், “இது வியாதி கேட்கிற கேள்வி. பதில் சொல்லமாட்டேன். ஆனால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அப்படியே சொல்லி உட்கார்ந்திருந்தார். கொல்லைக் குளியல் முதல் மாதம் இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் என்ன செய்யலாம்? வைத்தியம் செய்யுமாறு உங்களைக் கேட்கவில்லை. தண்ணீர்த் தகராறு, ஓயாத கழுவல், பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளை, பிள்ளையைத் தொட அஞ்சும் தாய் என்று ஏதாவது காதில் விழுந்தால், தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். “பைத்தியம்” என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் தெரிவியுங்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2022-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பஞ்சாயத்து விளம்பரப் பலகையில் அந்த எண்ணை எழுதி வைப்பதற்கு ஒரு தீர்மானம்கூடத் தேவையில்லை, கொஞ்சம் பெயிண்டு போதும். கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் அழைத்துப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சங்கிலியால் கட்டி வைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்விதத்திலும் அனுமதிப்பதில்லை. அதை நீங்கள் கண்டால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நீண்ட நாள் துன்பத்தினால் சோர்ந்து, உயிரை விட்டுவிடலாம் என்று பேசுபவர்களும் உண்டு. அந்தப் பேச்சை மிரட்டல் என்று தள்ளாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

குழாயடிப் பெண்மணி இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். முழுவதும் குணமாகிவிட்டது என்று சொன்னால் அது மிகைப்படச் சொன்னதாகும். நெல்லுக்கு மருந்து தெளிக்கும் பருவம் வந்தால் கழுவல் கொஞ்சம் கூடுகிறது. வந்து சொல்கிறார், ஏணியின் கீழ்ப்படியிலிருந்து மறுபடியும் ஏறுகிறோம். மாத்திரை தொடர்கிறது. கையில் வெடிப்பு ஆறிவிட்டது. தண்ணீர் ஆறு குடம். மனுவில் கையெழுத்திட்ட பதினொரு பேரில் இரண்டு பெண்கள் இப்போது அவரோடு சேர்ந்துதான் நூறு நாள் வேலைக்குப் போனார்கள் என்று அந்த வார்டு அங்கத்தினர் சென்ற முறை என்னிடம் சொன்னார்.

நேரம் ஆகிவிட்டது, அடுத்தபடி வேளாண்மை அதிகாரி பேசக் காத்திருக்கிறார். உங்களில் எவருக்காவது வீட்டு விஷயமாக ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் சபையில் எழுந்து கேட்க வேண்டாம். பகல் சாப்பாட்டு வேளையில் பந்தலுக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடியில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.